அண்டை வீட்டுத் தீயில் குளிர்காயும் அரசுகள்

(திண்டுக்கல்லில் தமிழுணர்வாளரிடையே நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்வூருக்குப் பெயர் தந்த பாறை ஊரின் மேற்கே ஒரு திண்டைப்போலப் படுத்துக் கிடக்கிறது. அதன் மேலேறி நிற்பவர்க்குக் கிழக்கே சிறுமலையும், மேற்கே பழனிமலைத் தொடரும், இரண்டுக்கும் இடையே பரந்து கிடக்கும் வெளிநிலமும் தெரியும். மதுரைக்கும் திருச்சிக்கும் கோவைக்கும் செல்லும் வழிகள் பிரியுமிடம் இது. வழிகள் பிரியுமிடத்தில் வணிகர் கூடுவர், படைகளும் கூடும். நாயக்க மன்னர் கட்டிய இம்மலைக்கோட்டையை 1745-இல் மைசூர்ப் படை கைப்பற்றியது. 1755-இல் ஐதர் அலி இங்குப் படைத்தலைவராக அமர்ந்தார். 1767-இல் ஆங்கிலக் கும்பினி பிடித்தது. அடுத்த ஆண்டே மைசூர் மீட்டது. 1783-இல் மீண்டும் கும்பினி. 1784-இல் மீண்டும் மைசூர். 1790-இல் மறுபடியும் கும்பினி. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்பாட்டால் திண்டுக்கல் நிலையாகவே வெள்ளையர் கைக்குப் போயிற்று. ஐம்பதாண்டு நிரம்புமுன் ஆறு முறை கைமாறிய கோட்டை இது. அந்த ஆறு முறையும், கோட்டையின் கீழே உழுதுண்டு வாழ்ந்த குடிகளை, 'உங்களுக்கு யார் வேண்டும்?' என்று எவரேனும் கேட்டதுண்டா? இல்லை.

ஒரு நாட்டில் கிளர்ச்சி எழுகின்றது, ஆட்சி ஆட்டங்காணுகின்றது, மக்கள் வீடிழந்து எல்லை கடந்து ஓடுகின்றனர். அப்பொழுது அண்டை அரசுகள் என்ன செய்கின்றன? 'முறைமை யார் பக்கம்?' என்று அவை கேட்பதில்லை. 'இதனால் என் பகைவன் பெறுவது என்ன? நான் பெறுவது என்ன?' என்றே கேட்கின்றன. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையைத் தமிழர் வீட்டுக் குழந்தையும் அறியும். எனினும், ஓநாய் அழும்பொழுதெல்லாம் அதன் கண்ணீரைக் கண்டு உருகிப்போவது தமிழினத்தின் பழைய பிணி. அப்பிணிக்கு மருந்து வரலாறுதான். அவ்வரலாற்றின் முதல் ஏடு இந்தத் திண்டுக்கல் மண்ணிலேயே கிடக்கிறது.

விருப்பாட்சியில் எட்டாண்டு

1772-ஆம் ஆண்டு சூன் திங்கள். திறை கேட்டுவந்த ஆர்க்காட்டு நவாபு முகமதலியின் படையும், நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொடுத்தே அவன் குடுமியைத் தன் கையில் பிடித்துக்கொண்ட ஆங்கிலக் கும்பினியின் படையும் சேர்ந்து இராமநாதபுரத்தை வீழ்த்தின. பின்னர்ச் சிவகங்கையின்மேற் பாய்ந்தன. காளையார்கோவிற் போரில் மன்னர் முத்துவடுகநாதர் மாண்டார். அரசி வேலுநாச்சியார் தம் மகள் வெள்ளச்சியுடனும், அமைச்சர் தாண்டவராயருடனும், மருதிருவருடனும் மேற்கு நோக்கி வந்தார். வந்த இடம் பழனிமலை அடிவாரத்து விருப்பாட்சி. அடைக்கலம் தந்தவர் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபாலர். அவர் பிறந்த குடியின் மொழி வேறு; ஆனால், மண்ணால் ஒன்றியவர்; சொன்ன சொல் பிறழாதவர். அந்நாளில் திண்டுக்கற் சீமை மைசூராட்சியின் கீழ் இருந்தது. ஆகவே, நாச்சியார் அடைக்கலம் புகுந்தது நவாபின் பகைவனது நிழலில் என்பதை மறத்தலாகாது.

அவ்வாண்டின் இறுதியில் தாண்டவராயர் ஐதர் அலிக்கு மடல் விடுத்தார். ஐயாயிரம் குதிரைவீரரும் ஐயாயிரம் காலாட்களும் தந்தால் சிவகங்கையை மீட்டுவிடலாம் என்பது மடலின் கருத்து. மடல் சென்றது, படை வரவில்லை. ஓராண்டன்று, ஈராண்டன்று, எட்டாண்டு வரவில்லை. மடலெழுதிய அமைச்சர், நாடு மீண்ட நாளைக் காணாமலே கண்மூடினார்.

ஏன் வரவில்லை? ஐதர் நெஞ்சில் இரக்கம் இல்லையா? இருந்திருக்கலாம். ஆனால், அரசு நடப்பது இரக்கத்தாலன்று. 1771-இல் மராட்டியரிடம் பட்ட பெருந்தோல்வியினின்று மைசூர் அப்பொழுது எழுந்து நிற்கவே இல்லை. 1769-இல் சென்னையிற் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஆங்கிலர் துணைக்கு வருவர் என்று ஐதர் நம்பியிருந்தார். மராட்டியர் தாக்கியபொழுது அவர்கள் வரவில்லை. அவ்வஞ்சகத்தை அவர் மறக்கவில்லை. ஆயினும் பழிதீர்க்கும் வலிமை அன்று அவரிடம் இல்லை. ஆகவே நாச்சியாருக்கு நிழல் கிடைத்தது, படை கிடைக்கவில்லை. நிழல் தருவதற்குச் செலவில்லை. அடைக்கலம் புகுந்த அரசி, நவாபுக்கெதிராக என்றேனும் பயன்படக்கூடிய ஒரு கருவி. அதனைக் கையிலேயே வைத்திருப்பது மைசூருக்கு நன்று.

1779-இல் மாகித் துறைமுகத்தை ஆங்கிலர் பிடித்தனர். மைசூருக்குப் பிரெஞ்சுக்காரரின் படைக்கருவிகள் வந்திறங்கிய துறை அது. 1780 சூலையில் ஐதர் பெரும்படையுடன் கணவாய் கடந்து ஆர்க்காட்டு நிலத்திற் புகுந்தார். அவ்வாண்டுதான் நாச்சியாருக்கும் படை கிடைத்தது! 1772-இல் முறைமையாக இருந்ததே 1780-இலும் முறைமை. இடையில் மாறியது மைசூரின் தேவை ஒன்றே.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். சிவகங்கை மீண்டதும், அதற்கு அடுத்த ஆண்டு, எட்டாண்டுக்கு மேலாகச் சிறையில் அடைத்து வைத்திருந்த இராமநாதபுரத்து இளைய சேதுபதியை நவாபு விடுவித்து மீண்டும் ஆட்சியில் அமர்த்தினான். அது நவாபின் நெஞ்சில் திடுமென ஊறிய அருளாலன்று. சிவகங்கை ஐதரோடு சேர்ந்துவிட்டபின், சேதுநாடும் சேர்ந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தால். பகைவர் இருவர் போட்டியிட்டபொழுது ஒருவன் படை தந்தான். மற்றவன் சிறைக்கதவைத் திறந்தான். இருவரும் அவரவர் கணக்கையே பார்த்தனர்.

கணக்கு முடிந்தபின் என்ன நேர்ந்தது? 1792-இல் திப்பு பாதி நாட்டைக் கும்பினிக்குக் கொடுக்க நேர்ந்தபொழுது, திண்டுக்கற் பாளையங்களும் அதனுடன் எழுதிக் கொடுக்கப்பட்டன. தமக்கு அடங்கிய அரசிக்கு அடைக்கலம் தந்த விருப்பாட்சியும் அப்பட்டியலில் ஒரு வரி. 1799 மே திங்களில் திப்பு வீழ்ந்தார். அக்தோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலேறினார். அவரைப் பிடித்துக் கொடுத்தவர் வேற்று நாட்டாரல்லர், அண்டைப் புதுக்கோட்டையின் தொண்டைமான். 1800-இல் கோபாலர் முதலியோர் திண்டுக்கற் பகுதியிற் கூடி, வடக்கே தூந்தாசியோடும் கிழக்கே மருதிருவரோடும் தொடர்புகொண்டு, கோவைக் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்டனர். திட்டம் முறிந்தது, பலர் தூக்கிலிடப்பட்டனர். 1801-இல் கோபாலரும் பிடிபட்டுத் திண்டுக்கல்லிலேயே தூக்கிலிடப்பட்டார். கோபால சமுத்திரம் என்னும் குளம் இன்றும் அவர் பெயரை ஊர்வாயில் வைத்திருக்கிறது. அவ்வாண்டு அக்தோபர் 24-ஆம் நாள் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலேறினர்.

ஒரே ஆண்டில் இரண்டு முகங்கள்

'அது மன்னராட்சிக் காலம். இது குடியரசுக் காலம். இன்று அரசுகள் அறத்தின்வழி நடக்கின்றன' என்று எவரேனும் சொல்லக்கூடும். அவர்க்கு விடையாக 1971-ஆம் ஆண்டு ஒன்றே போதும்.

அவ்வாண்டு மார்ச்சு 25-ஆம் நாளிரவு, கிழக்கு வங்காளத்து மக்கள்மேல் பாக்கித்தான் படை பாய்ந்தது. தேர்தலிற் பெரும்பான்மை பெற்ற மக்களுக்கு ஆட்சியைத் தர மறுத்ததும், அதற்குமுன்பே அவர்களின் தாய்மொழியாம் வங்கமொழியை இழித்ததும் அக்கிளர்ச்சியின் வேர்கள். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்திய எல்லைக்குள் ஏதிலியராய் வந்தனர். இந்திய அரசு அவர்க்கு உணவளித்தது. விடுதலைப் படையினர்க்குப் பயிற்சி தந்தது. திசம்பரில் தானே போரில் இறங்கியது. 16-ஆம் நாள் தாக்காவில் பாக்கித்தான் படை பணிந்தது. புதுநாடு பிறந்தது. நல்ல செயல்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால், அதே ஆண்டு ஏப்பிரல் 5-ஆம் நாள் இலங்கையிற் சிங்கள இளைஞர் கிளர்ந்தெழுந்தனர். வேலையற்ற, படித்த, நாட்டுப்புறத்துப் பிள்ளைகள். சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சி தடுமாறியது. அப்பொழுது அவ்வாட்சியைத் தாங்கிப்பிடிக்க ஓடிவந்தோர் யார் யார்? பிரித்தானியாவும் அமெரிக்காவும் வந்தன. அவற்றின் பகையாளியாகிய சோவியத்து ஒன்றியம் போர்வானூர்திகளை அனுப்பியது. சோவியத்தின் பகையாளியாகிய சீனம் வட்டியில்லாக் கடன் தந்தது. இந்தியா உலங்கூர்திகளையும் படையினரையும் அனுப்பியது. பாக்கித்தானும் உலங்கூர்திகளை அனுப்பியது! கிழக்கு வங்காளத்தில் ஒருவரை ஒருவர் குத்திக்கொள்ள வாள் தீட்டியவர்கள், கொழும்பில் தோளோடு தோள் நின்றனர்.

இன்னும் ஒன்று. வான்வழி கடக்க இந்தியா தடைவிதித்திருந்தமையால், கிழக்கு வங்காளத்துக்குச் சென்ற பாக்கித்தான் வானூர்திகள் இலங்கையில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. இறங்கிய இடம் கட்டுநாயக்கா. அவ்வானூர்தி நிலையத்துக்குக் காவல் நிற்க வந்தோர் இந்தியப் படையினர்! இதைவிடத் தெளிவான பாடம் எந்த ஏட்டில் உண்டு?

கிளர்ந்தவர் யார், அவர் கேட்டது முறையா என்பதன்று அங்கே ஆய்வுக்கு வந்த வினா. கிழக்கு வங்காளம் பிரிந்தால் பாக்கித்தான் பாதியாகும். ஆகவே தில்லி கிளர்ந்தோர்க்குத் துணை. கொழும்பு ஆட்சி கவிழ்ந்தால் அவ்விடத்தில் எவன் காலூன்றுவான் என்று தெரியாது. ஆகவே எல்லாரும் ஆட்சிக்குத் துணை. சீனமோ, பாக்கித்தானுக்காக, பிறந்த புதுநாட்டை ஒன்றிய நாடுகள் அவையிற் சேர்க்காதவாறு 1972-இல் தன் தடையாணையால் மறித்தது. மக்கள் விடுதலையே தன் கொள்கை என்று முழங்கிய நாடு அது!

ஈழத்தில் இட்ட கணக்கு

இக்கணக்கில் தமிழன் எங்கே நிற்கிறான்? 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1962-இல் சீனத்தோடு போரிட்டுத் துவண்ட தில்லிக்கு அண்டை நாடுகளின் நட்பு தேவைப்பட்டது. 1964 அக்தோபரில் சாத்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 9,75,000 மாந்தரைப் பங்கிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலக்கம் பேரைப் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்'. தேயிலைச் செடிக்குத் தம் குருதியை உரமாக்கிய அம்மக்களில் ஒருவரையேனும் அம்மேசையருகே அழைத்துக் கேட்டனரா? 1974-இல் கச்சத்தீவும் அவ்வாறே, அதைச் சுற்றி மீன்பிடித்து வாழ்ந்த மக்களைக் கேளாமலே போயிற்று.

1983 சூலைக் கொடுமைக்குப்பின் தில்லி ஈழத் தமிழர் பக்கம் திரும்பியது. தமிழ்நாடே கொதித்தெழுந்தமை ஒரு கரணியம். செயவர்த்தனாவின் ஆட்சி மேலைநாடுகளோடும் இசுரேலோடும் பாக்கித்தானோடும் சீனத்தோடும் நெருங்கியமை மற்றொரு கரணியம். எந்தக் கரணியம் பெரிதென்பதைப் பின்னர் நடந்தவை காட்டின. போராட்ட இயக்கங்கள் பலவற்றுக்கும் தனித்தனியே பயிற்சி தரப்பட்டது. ஒன்றையொன்று நம்பாத இயக்கங்கள் 1986-இல் ஒன்றையொன்று அழிக்கத் தலைப்பட்டன. 1987 சூன் 4-ஆம் நாள் இந்திய வானூர்திகள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளை வீசின, தமிழ்நாடு மகிழ்ந்தது. ஐம்பத்தைந்தே நாளிற் கொழும்பில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. கையெழுத்திட்டோர் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும். எவருடைய வாழ்வைப் பற்றிய உடன்பாடோ அவர் கையெழுத்து அதில் இல்லை.

உடன்பாட்டோடு இணைத்து இருவரும் மாற்றிக்கொண்ட மடல்களையும் படித்துப் பார்த்தல் வேண்டும். திருகோணமலைத் துறையை இந்தியாவுக்குத் தீங்கான முறையில் வேறு நாட்டின் படைக்குத் தருதல் கூடாது. அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகளை இரு நாடுகளும் சேர்ந்து இயக்குதல் வேண்டும். வேற்று நாட்டுப் படைவல்லுநர், ஒலிபரப்பு நிலையங்கள் பற்றி ஆய்தல் வேண்டும். இவையே அம்மடல்களின் சாறு. நான்காண்டு அழுத கண்ணீரின் அடியில் எண்ணெய்க் கிடங்கு கிடந்தது!

அமைதி காக்கவென்று போன படை, அக்தோபரில் விடுதலைப் புலிகளோடு போரிட்டது. 1990 மார்ச்சில் திரும்பியபொழுது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர் மாண்டிருந்தனர். தமிழ்ப் பொதுமக்களின் இழப்போ அதனினும் பெரிது. இடையில் 1989-இல், இந்தியப் படை வெளியேற வேண்டும் என்பதற்காகக் குடியரசுத் தலைவர் பிரேமதாசா, தம் அரசை எதிர்த்த அவ்வியக்கத்துக்கே படைக்கருவி தந்தார். கிளர்ச்சியை அடக்குவதும் வளர்ப்பதும் அரசுகளுக்குக் கொள்கையல்ல, வேளைக்கேற்ற வேலை.

2009 மே திங்களில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தது. மே 27-ஆம் நாள் செனிவாவில் மாந்த உரிமை அவையில் இலங்கையைப் பாராட்டும் முடிவு வாக்குக்கு வந்தது. 29 நாடுகள் சார்பாக. 12 நாடுகள் எதிராக. 6 நாடுகள் நடுவாக. சார்பாகக் கையுயர்த்தியோருள் இந்தியா உண்டு, சீனம் உண்டு, பாக்கித்தான் உண்டு, உருசியா உண்டு, கூபாவும் உண்டு. 1971 ஏப்பிரலின் காட்சி மீண்டும் அரங்கேறியது. பின்னர் 2012-இலும் 2013-இலும் இந்தியா இலங்கைக்கெதிராக வாக்களித்தது. 2014-இலும் 2021-இலும் வாக்களியாது ஒதுங்கியது. இறந்தோர் இறந்தோரே; சான்றுகள் சான்றுகளே. மாறியவை கூட்டணிக் கணக்கும், கொழும்பிற் சீனத்தின் செல்வாக்குமே.

2022-இல் சிங்கள மக்களே திரண்டெழுந்து குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் புகுந்தனர். சூலையிற் கோத்தபய இராசபக்சே நாட்டைவிட்டோடிப் பதவி விலகினார். இந்தியா அவ்வாண்டில் ஏறத்தாழ 400 கோடி தாலர் அளவுக்குத் துணை செய்தது. அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே திருகோணமலை எண்ணெய்க் கிடங்கு உடன்பாடும் கையெழுத்தாகியிருந்தது. சீனத்தின் கையில் 2017 முதல் 99 ஆண்டுக் குத்தகையில் அம்பாந்தோட்டைத் துறை இருந்தது. 2022 ஆகத்தில் அதன் ஆய்வுக் கப்பல் அங்கே வந்து நின்றது. எரிகிற வீட்டிற் பிடுங்கியது ஊதியம் என்பது நம் பாட்டிமார் சொன்னது. வல்லரசுகள் அதைச் செய்துகாட்டின.

ஆயினும், அவ்வாண்டில் ஒரு வேறுபாட்டையும் ஞாலம் கண்டது. தமிழ்நாடு 40,000 தொன் அரிசியும் 500 தொன் பாற்பொடியும் மருந்துகளும் அனுப்ப முன்வந்தது. அவற்றைத் தமிழர், முசுலிம்கள், சிங்களர் என்ற வேறுபாடின்றிப் பகிர்ந்தனர். அவ்வரிசிக்கு ஈடாகத் தமிழ்நாடு துறைமுகம் கேட்கவில்லை, கிடங்கு கேட்கவில்லை. மக்கள் தரும் கை வேறு. அரசுகள் நீட்டும் கை வேறு.

துணைவலியும் தன்வலியும்

அங்ஙனமாயின், பிறர் துணையே வேண்டா என்பதா? அன்று. வேலுநாச்சியார் ஐதரின் படையை ஏற்றார், வங்காளிகள் இந்தியாவின் படையை ஏற்றனர், இருவரும் வென்றனர். ஏற்றதில் தவறில்லை. ஏற்றபொழுது அவர்களிடம் வேறென்ன இருந்தது என்பதே கருதத்தக்கது. எட்டாண்டும் சிவகங்கை மக்கள் தம் அரசியை மறக்கவில்லை. மருதிருவர் அங்குள்ள குடிகளோடு தொடர்பறாமல் காத்தனர். ஆகவே மைசூர்க் குதிரைகள் திரும்பிப் போனபின்னும் சிவகங்கை இருபதாண்டு நின்றது. வங்காளிகள் மொழியால் ஒன்றி, தேர்தலால் ஒன்றி, ஒரே குரலாய் நின்றபின்னரே அயற்படை வந்தது. ஆகவே அயற்படை திரும்பியபின்னும் நாடு நின்றது. பிளவுண்டு நின்றோர்க்கு வந்த துணை, அவர்தம் பிளவையே ஆழமாக்கியது. 1799-இல் கட்டபொம்மனுக்கும் தொண்டைமானுக்கும் இடையே இருந்த பிளவு கும்பினிக்கு எத்தனைப் படைப்பிரிவுக்குச் சமம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

வலியறிதலைத் தனியதிகாரமாக வகுத்த திருவள்ளுவர், எடைபோட வேண்டிய வலிகளை அடுக்கும்பொழுது துணைவலியைக் கடைசியிலேயே வைத்தார். தமிழர் அதனை முதலில் வைத்தனர், அதனாற் கெட்டனர்.

தோட்டனூத்தில் காத்திருப்போர்

இவையெல்லாம் பழங்கதையென்று எண்ணி எழுந்துவிடலாகாது. இப்பாறையிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே இக்கணக்கின் எச்சம் வாழ்கிறது. திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்திலும் அடியனூத்திலும் கோபால்பட்டியிலும் ஈழத்து ஏதிலியர் பல்லாண்டு தங்கினர். 2022 செப்தம்பரில் தோட்டனூத்தில் அவர்க்கெனத் தமிழ்நாட்டரசு கட்டிய 321 வீடுகள் திறக்கப்பட்டன. ஏதிலியர் முகாம் என்னும் பெயரும் 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. நன்று, வீடு கிடைத்தது. ஆனால், வீட்டுக்குள் இருப்பவர் எந்நாட்டுக் குடிமகன் என்ற வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. 2019-இல் தில்லி இயற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாட்டிலிருந்து வந்தோரைப் பற்றிப் பேசியது. இலங்கையிலிருந்து வந்தோரைப் பற்றிப் பேசவில்லை. பகைநாட்டிலிருந்து வந்த ஏதிலியரை ஏற்றால் பகைநாட்டின் குறை வெளிப்படும். நட்புநாடென்று தடவிக்கொடுக்க வேண்டிய கொழும்பிலிருந்து வந்தவரை ஏற்றால் என்ன ஊதியம்? இந்தக் கணக்குப் புரிந்தவர்க்கு அச்சட்டம் வியப்பளிக்காது.

நாச்சியார் விருப்பாட்சியில் எட்டாண்டு காத்திருந்தார். 1983-இலும் 1990-இலும் வந்தவர்கள் அதைப்போல் நான்கு மடங்கு, ஐந்து மடங்கு காலம் காத்துவிட்டனர். இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கே மணந்து, இங்கேயே பேரப்பிள்ளை கண்டும் நாடற்றோராய் நின்றோர் அவருள் பலர். 2021-இல் தமிழ்நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு இருந்தனர்.

அவர்க்கு அரசுகளின் இரக்கம் வேண்டா. அது வேளைக்கு வரும், வேளைக்குப் போகும். வேண்டுவது உரிமை. திரும்பிச் செல்ல விரும்புவோர் நிலத்தோடும் காப்போடும் திரும்பிச் செல்லும் உரிமை. இங்கேயே வாழ விரும்புவோர் குடிமக்களாய் வாழும் உரிமை. இரண்டையும் அவர்களைக் கேட்டே முடிவுசெய்தல் வேண்டும். 1964-இல் கேளாது செய்த பிழையை இன்னொரு முறை செய்தலாகாது. இக்கோரிக்கையைத் திண்டுக்கல் மக்கள் எழுப்புவது பொருத்தம். அடைக்கலம் தந்தவனை அரசுகள் கைவிட்ட ஊர் இது. ஆனால் அடைக்கலம் புகுந்தாரை அடைக்கலம் தந்தவன் கைவிடாத ஊரும் இதுவே.

தம்பிமாரே, தங்கைமாரே! மலைக்கோட்டையைப் பார்க்கப் போகும்பொழுது ஒரு நாள் தோட்டனூத்துக்கும் போய்வாருங்கள். அங்குள்ள முதியவரிடம், 'ஐயா, உங்களை யாரேனும் கேட்டார்களா?' என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு வந்து ஊரெங்கும் சொல்லுங்கள். அரசுகள் கேளாத வினாவை மக்கள் கேட்கத் தொடங்குதலே முதல் வேலை. மற்றவை அதன்பின் வரும்.